ஆயிஷா பெயர் வந்த பாட்டு

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இன்று சாம்பிராணிப் புகை முகத்தில் பட்டதும், மணலூர்பேட்டையில் சாலையை அகலமாக்க இடித்துவிட்ட தர்கா நினைவுக்கு வந்தது. வியாழன் மாலைகளில் அங்கே பக்கீர் பாவா தப்ஸ் மேளத்தின் தோலைத் தணலில் காட்டிச் சூடேற்றி, கண்ணை மூடித் தட்டிப் பாடுவார். தங்கச்சி காய்ச்சலில் இறந்தபின் வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வியாழனன்று அம்மா அவரிடம் போய், "பாட்டுல எம் பொண்ணு பேரயும் சேத்துக்கிறீங்களா பாவா?" என்றாள்.

"இன்னா பேரும்மா?"

"ஆயிஷா."

அன்றிலிருந்து வாரந்தோறும் அந்தப் பெயர் பாட்டில் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். தர்கா போனதும் பாவாவும் எங்கோ போய்விட்டார். அதன்பிறகு வியாழன் மாலைகளில் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, ராகமே இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கதவருகே நின்று கேட்பேன்; ஒரு நாளும் கூடச்சேர்ந்து சொன்னதில்லை.