வரிசையின் கடைசி ஜீப்

எழுபதுகளில் ஒரு ஜூலைக் காலை; தென்கோளத்தில் அது குளிர்காலம். பழைய இராணுவ வண்டிகளைத் திருத்தி ஓட்டும் ஆர்வலர்கள் நார்த்மீட் புறநகரிலிருந்து நீலமலைக்கு வரிசையாகப் புறப்பட்டார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர் தமது ஜீப்பில் எனக்கு இடம் தந்தார். மெலிந்த மனிதர், தோளுக்குப் பெரிதான இராணுவக் கோட்டு அணிந்திருந்தார். பின்புறம் காட்டும் கண்ணாடியை ஓயாமல் கையுறையால் துடைத்தார்.

அந்த வரிசைக்கு ஒரு விதி உண்டு. திருப்பம் வந்தால், பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். எங்கள் ஜீப்தான் கடைசி. ஆயினும் முதல் திருப்பத்தில் அவர் நின்றார். முந்தைய குளிர்காலம்வரை அவருக்குப் பின்னால் சிறிய லொறி ஒன்றை ஓட்டிவந்தவர் அவருடைய மனைவி. இடையில் வந்த கோடையில் மனைவி இறந்துவிட்டார்.

முன்வண்டியிலிருந்து அப்பா தலையை நீட்டினார். “என்ன மச்சான், ஜீப் உறைஞ்சு போச்சோ?”

“நீ போ, வாறன்.”

நான் தயங்கி, “அங்கிள், எங்களுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையே,” என்றேன்.

“ஓம் பிள்ளை, தெரியும். ஏத்தத்தில கியர் மாத்த அவ கஷ்டப்படுவா. விட்டிட்டுப் போனா ஏசுவா.”

அடுத்த திருப்பத்தில் அந்தப் பின்கண்ணாடி முழுவதும் பனி படிந்திருந்தது. “திரும்பிப் பாருங்கோ பிள்ளை, வாறாவோ?” என்றார்.

சாலை வெறுமையாகக் கிடந்தது. நான் பதில் சொல்லும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.

“வாறா, அங்கிள்.”

அவர் நம்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு மலை உச்சிவரை மிக மெதுவாகவே ஓட்டினார்.