பள்ளத்தில் போட்ட உப்பு போன வழி

எனக்கு வரும் மடல்களில் பாதி, "அந்தப் பச்சைத் தண்ணீர்ப் பள்ளத்துக்கு எப்படிப் போவது?" என்றுதான் கேட்கின்றன. யாரோ எடுத்த படம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. வழி சொல்கிறேன். ஆனால் நான் அங்கே போனது படம் எடுக்க அல்ல. ஒரு கைக்குழந்தைக்கு ஏன் உடம்பு நீலம் பாரிக்கிறது என்று கண்டுபிடிக்கப் போனேன். அது 2008 செப்டம்பர்.

என் அக்கா ஜெயா அந்தப் பக்கத்துக் கிராம சுகாதார நர்ஸ். நான் மதுரையில் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முத்துமாரி என்பவரின் நான்கு மாதக் குழந்தைக்கு உதடும் நகக்கண்ணும் நீலமாகி, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கே இருந்தால் தேறிவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே கதை. "தண்ணிதான்னு தோணுது, வந்து பாரு" என்றாள் அக்கா. அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தான்.

சனிக்கிழமை மதியம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். விருதுநகருக்கு ஒன்றேகால் மணி நேரம், பதினாறு ரூபாய். அங்கிருந்து மல்லாங்கிணறுக்கு டவுன் பஸ், ஐந்து ரூபாய். அதற்கப்புறம் ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, அறுபது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஆட்டோக்காரர் போகிற வழியில் பள்ளத்தைக் காட்டினார். சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்து, கம்பெனி விட்டுப்போன சுரங்கம். அடியில் பச்சைத் தண்ணீர், விளிம்பில் சின்ன மாரியம்மன் பீடம். தண்ணீர் ஓரத்தில் நைந்த சாக்குகள் கிடந்தன. என்னவென்று கேட்டேன்.

"மழையில நனைஞ்ச மருந்துங்க. பட்டாசு கம்பெனிக்காரவுக லோடு லோடா கொண்டாந்து கொட்டுவாக. கரையில கெடந்தா வெடிக்கும். தண்ணிக்குள்ள கெடந்தா என்ன செஞ்சிரப் போகுது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. வெடிமருந்தோடு பிழைக்கிற ஊரில் தண்ணீர் என்றால் பாதுகாப்பு. ஆனால் அந்த மருந்தில் பாதி நைட்ரேட், தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும்.

ஞாயிறு காலை சோதனையைத் தொடங்கினோம். ஊருக்கு இரண்டு கிணறுகள். தரை கிழக்கே சரிகிறது, அதனால் பள்ளத்துத் தண்ணீர் கிழக்குக் கிணற்றுக்குத்தான் போகும் என்று ஊரே நம்பியது. மேட்டில் இருக்கும் மேற்குக் கிணறுதான் எல்லோருக்கும் குடிநீர். என் கருவி நேர்மாறாகச் சொன்னது. கிழக்கில் கடின நீர், அவ்வளவுதான். மேற்கில் உப்பு எகிறியது. நைட்ரேட் சோதனையில் குழாய் அடர்ந்த ரோஜா நிறமானது, அதாவது நைட்ரேட் அளவு மீறியிருந்தது.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் மட்டக்குழாயைக் கடன் வாங்கினோம். பள்ளத்திலிருந்து மேற்குக் கிணறு வரை முந்நூறு மீட்டரையும் வெயிலில் துண்டு துண்டாக அளந்தோம். தரை மேடுதான், ஆனால் கிணற்று நீர்மட்டம் பள்ளத்து நீர்மட்டத்தைவிட மூன்று மீட்டர் கீழே. அந்தப் பக்கத் தோட்டத்து மோட்டார்கள் நாள் முழுக்க இழுக்கின்றன, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளும் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. நிலத்தடி நீர் தரைச் சரிவைப் பார்ப்பதில்லை, நீர்மட்டச் சரிவைத்தான் பார்க்கிறது. நைட்ரேட் வந்த வழி தெரிந்துவிட்டது. சாப்பாட்டு உப்பு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் புரியவில்லை.

அதற்கு விடை முத்துமாரி வீட்டில் கிடைத்தது. கம்பி மத்தாப்பு கம்பெனியில் வேலை. தீபாவளி சீசன் என்பதால் காலை ஆறரைக்கு வேன் ஏறினால் இருட்டித்தான் வருவார், பகலில் குழந்தைக்குப் பால் பவுடர்தான். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார்.

"நர்சம்மா தங்கச்சியா, வாங்க. சாப்பிட்டீகளா?" என்றவர், கிணறு எப்போதிலிருந்து கரிக்கிறது என்று நான் கேட்டதும் முகம் மலர்ந்தார். "ஆடியிலிருந்துதான். சுத்துப்பட்டு சனமெல்லாம் பள்ளத்துல மூட்டை மூட்டையா உப்பு போடுவாக. நோய் கரைஞ்சிரும்னு வேண்டுதல். கெணறு கரிச்சிச்சின்னா மாரியம்மா ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். பிள்ளைக்காக நானும் போட்டேன். அந்தத் தண்ணியிலதான் பால் கலக்கேன்."

  சொல்லாமல் விட முடியாது. ரோஜா நிறக் குழாயைக் காட்டி, உப்பு வந்த வழியிலேயே மருந்தும் வருகிறது, அது பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் மூச்சைச் சேரவிடாது என்றேன்.

"கொதிக்க வச்சுத்தானே குடுக்கேன்."

"கொதிச்சா கிருமிதான் சாகும். இது சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும்."

குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அப்ப அவ உப்பை வாங்கிக்கிடலை. எங்க கெணத்துக்கே திருப்பி அனுப்பிருக்கா."

எழுந்து குடத்துத் தண்ணீரை வாசலில் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தோடு கிழக்குக் கிணற்றுக்கு நடந்தார். ஒன்றரைக் கிலோமீட்டர். குழந்தையை அக்கா அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வீடு திரும்பிய பிறகு ஒருநாளும் நீலம் பாரிக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பள்ளத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். எந்த ஊரிலும் கைவிட்ட சுரங்கத்துக்கு அருகில் கிணறு இருந்தால், தெளிவாக இருக்கிறதே என்று குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், சோதித்துக் கொடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் மல்லாங்கிணறுக்கு ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.

மருந்து கொட்டுவதை நிறுத்தச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டோம், இன்னும் பதில் இல்லை. அதனால் இந்த ஆடியில் உப்பையாவது நிறுத்தலாமே என்று முத்துமாரியிடம் போனில் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"மருந்து நாக்குக்குத் தெரியாது, உப்பு தெரியும்லா. அம்மா திருப்பி அனுப்புன தண்ணி, குடிக்காதீகன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். கெணறு கரிக்கிற வரைக்கும்தான் ஒருத்தரும் வாய் வைக்க மாட்டாக. இந்த வருசம் ஒரு மூட்டை முழுசா நானே போட்டேன்."