மாட்டைத் தொடாத டாக்டர்

"மாட்டைத் தொடாம நீ எப்டிடி மாட்டு டாக்டர் ஆவ?" என்று மெர்சியைக் கேட்டாள் எங்கள் தோழி சஹர்.

மெர்சி ஆம்பூரில் ப்ளஸ் டூ முடித்தவள். அப்பா இன்பராஜ் தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிக்கிறவர். பள்ளிப் பேருந்தில் 'தோல் நாத்தம்' என்று மூக்கைப் பிடித்தவர்களை அவள் மறக்கவே இல்லை. நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்க ஆசை. அந்த நாற்றத்தால் மாடு மட்டும் ஆகாது. கால்நடை மருத்துவமோ ஐந்தரை வருஷம், மாடு, ஆடு, கோழி எல்லாம் படித்தாக வேண்டும். அதனால் நாய், பூனை மட்டும் என்று விளம்பரம் வந்த இரண்டு வருஷப் படிப்பில் சேர நினைத்தாள்.

"இதுல உதவியாளர்னுதான் போட்டிருக்கு. என் பூனையக் குளிப்பாட்டி வுடுவ. ஊசி போட மாட்ட," என்றாள் சஹர்.

"பேஜார் பண்ணாதடி."

கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசித் தேதி. அதைப் பொருட்படுத்தாமல், இரண்டு வருஷப் படிப்பின் படிவத்தில் கையெழுத்து வாங்க மெர்சி மதியம் தொழிற்சாலைக்குப் போனாள்.

"கை ஈரம்மா. இத முடிச்சுட்டுப் போட்றேன்," என்ற இன்பராஜ், மேசையில் ஒரு தோலை விரித்தார். கழுத்துப் பக்கம் ஊசி குத்தியதுபோல் குழிகள். மெர்சியின் விரல் தானாக அங்கே போய்விட்டது.

"இன்னாப்பா இது?"

"உண்ணி கடிச்சது. உயிரோட இருந்தப்போ. இது மூணாந்தரம்."

"யாரும் பாக்கலையா?"

எதிரே நின்று வேலை பார்த்த தனகோடி சிரித்தார். "நாங்க செத்தப்புறம் பாக்கற டாக்டருங்க பாப்பா. ஃபீசே கெடையாது!"

மெர்சி சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. எத்தனை நாள் அந்த மாடு கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கும்?

"வயித்துப் பக்கமும் இருக்குப்பா," என்றாள்.

இன்பராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்க போடணும்?"

அவள் படிவத்தை நான்காக மடித்தாள். "இது வேணாம்பா. வேற கொண்டாறேன்."

அன்று மாலையே கணினி மையத்தில் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாள். சஹரும் கூடப் போனாள்.

"நாய், பூனைக்குன்னு தனியா படிக்கறது இதுக்கப்புறம்தானாம்," என்றாள் மெர்சி.

"அதுவரைக்கும் கை நாறுமேடி?"

"நாறட்டும். சோப்பு இருக்குல்ல."

இடம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. தினமும் செல்போனைப் பார்த்தபடி இருக்கிறாள். உங்கள் தெருவிலும் எந்தப் படிப்பு என்று குழம்பி நிற்கிற ஒரு பிள்ளை இருக்கும். கடைசித் தேதிக்கு முன்னால் மெர்சியின் கதையை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.