கோபுரத்து ஜன்னலில் சுகந்தி

சுகந்தியின் தம்பி குமார் போன் செய்தபோது வேங்கிக்காலில் பேருந்துக்கு நின்றிருந்தேன். "அக்கா போயிடுச்சுக்கா" என்றான். என் வாயில் முதலில் வந்த கேள்வி, "எங்கேர்ந்து விழுந்தா?" என்பதுதான். "விழலக்கா. காலைல காபி போடப் போச்சு, நெஞ்சைப் புடிச்சிக்கினு அப்படியே உட்கார்ந்துடுச்சு" என்றான். அவளை அறிந்த நீங்களும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி என்று உயரமாக எது கண்ணில் பட்டாலும் கேமராவோடு ஏறிவிடுகிறவள் அவள்.

கல்யாணங்களைப் படம் எடுத்துப் பிழைத்தவளுக்கு ஊரைப் படம் எடுப்பதில்தான் பைத்தியம். திருவண்ணாமலையைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்தோம். படம் அவளுடையது, எழுத்து என்னுடையது. அதற்காக அனுமதி வாங்கி மூன்று முறை ராஜகோபுரத்தின் உச்சிக்கு ஏறினோம். "கோபுரத்தைப் படம் எடுக்காத ஆளு இந்த ஊர்ல கிடையாது. கோபுரத்துக்கு நம்ம ஊர் எப்படித் தெரியுதுன்னு எவனாவது பார்த்தானா?" என்பாள்.

எனக்கோ ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடிக்கவே கால் நடுங்கும். உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம், போகப்போகக் குறுகும் படிகள். பதினோராம் நிலைக்கு வந்ததும் துப்பட்டாவை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு, முனையை என் கையில் கொடுப்பாள். "இழுக்காத. விடாத. உன் வேலை அவ்ளோதான்." பிறகு ஜன்னல் விளிம்பில் வயிற்றைப் பதித்து, பாதி உடம்பை வெளியே நீட்டுவாள். கீழே விரிந்து கிடந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. அவள் குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் முறை, பின்னாலிருந்து ஒரு குரங்கு என் தோள்பையின் மேல் பாய்ந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அது ஓடிய பிறகுதான் பார்த்தேன், துப்பட்டாவின் முனை தரையில் கிடந்தது. சுகந்தி இன்னும் வெளியே நீட்டியபடி இருந்தாள். நான் கத்தினால் திரும்புவாள், திரும்பினால் போச்சு. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, குனிந்து, துணி இழுபடாமல் முனையை எடுத்தேன்.

"புடிச்சிக்கினு இருக்க இல்ல?" என்றாள், திரும்பாமலே.

"இருக்கேன்."

இறங்கும்போது, "ஏன்டி, உன் கை இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" என்றாள். காற்று ஜாஸ்தி என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட நினைப்பேன். பயம் வாயைக் கட்டிவிடும். போன மாதம், "இன்னொரு தபா ஏறலாமா?" என்று கேட்டாள். முட்டி வலி என்று பொய் சொன்னேன்.

காரியம் முடிந்த அன்று குமாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவன் பதறவில்லை.

"அக்கா அன்னைக்கே சொல்லுச்சுக்கா. 'துணி தளர்ந்தது தெரிஞ்சிச்சுடா, விட்டுட்டா. வேற எவளாச்சும் இருந்தா கத்தியே என்னைச் சாவடிச்சிருப்பா. அவ வாயே தொறக்கல'ன்னு."

பிறகு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். கோபுரம் ஏற அனுமதி கேட்டுச் சுகந்தி எழுதி வைத்திருந்த விண்ணப்பம். உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் விட்டது தெரிந்தும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நம்பிக்கையும் இந்தத் தாளும்தான். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. நேற்று போட்டுவிட்டேன்.