மஞ்சள் பாலத்தடியில் அக்கா

கோபத்தோடுதான் அந்த விமானத்தில் ஏறினேன். கலிபோர்னியாவுக்குப் போகிறோம் என்று அப்பா சொன்ன அன்றே, டிஸ்னிலாண்டுக்குப் போகிறேன் என்று லண்டனில் நாங்கள் இருந்த ஃபாரஸ்ட் கேட் முழுக்கப் பெருமையடித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, டிஸ்னிலாண்ட் அந்த மாநிலத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது என்று. அப்பாவின் தங்கையான மாமியும் அவருடைய கணவரான மாமாவும் இருந்தது வடக்கே, மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில். அப்படியொரு ஊரை என் வகுப்பில் ஒருவனும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"தலைநகரைப் பார்த்தால் நாட்டைப் பார்த்த மாதிரி" என்றார் அப்பா. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சொன்ன பொய்களில் அது மிகச் சிறியது என்று இப்போது தோன்றுகிறது.

வெயில் தோலை உரித்தது. பலகை நடைபாதை போட்ட பழைய கடைத்தெருவையும், நீராவி என்ஜின்கள் நிற்கும் ரயில் நூதனசாலையையும் காட்டினார்கள். கடைசியில் ஆற்றங்கரை. ஆற்றின் குறுக்கே மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு பாலம். பெயரைக் கேட்டேன். டவர் பிரிட்ஜ் என்றார்கள். எனக்கு அழுகையே வந்தது. வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைப் பார்க்கவா வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன்?

அக்காவுக்கு மட்டும் அந்தப் பாலம் பிடித்துப்போயிற்று. லண்டன் டவர் பிரிட்ஜ் நடுவில் பிளந்து திறக்கும், இதில் நடுத்துண்டு முழுதாக லிஃப்ட் போல மேலே ஏறும் என்று கையால் செய்து காட்டினாள். பாலமும் அணையும் கட்டுகிற படிப்புக்கு அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. ஊர் திரும்பியதும் தொடங்க வேண்டியதுதான். கப்பல் வந்து பாலம் உயர்வதைப் பார்க்காமல் தான் போகப்போவதில்லை என்றாள்.

மறுநாள் சட்டசபைக் கட்டடம். மாமி காலையிலேயே அக்காவின் கையில் ஒரு பட்டுச்சேலையைக் கொடுத்தார்.

"கட்டடம் பார்க்க ஏன் மாமி சீலை?"

"படம் எடுக்க வேணுமெல்லே பிள்ளை. வடிவா உடுத்திக்கொண்டு வா."

அப்பா அந்த வெயிலில் டை கட்டினார். அம்மா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அக்காவுக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு தேடி வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால் பெண்வீட்டுக்கு அவமானம். ஆகவே விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வீதியில் இரண்டு குடும்பங்கள் தற்செயலாக எதிர்ப்படும். "அட, நீங்களோ!" என்று வியந்துகொள்ளும். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் பார்க்கவே இல்லை என்று கணக்கு. சாக்ரமெண்டோவில் அப்போது கோயில் இல்லை. அதனால் பிள்ளையாரின் வேலையைச் சட்டசபையின் பெரிய குவிமாடம் செய்யவேண்டி வந்தது.

குவிமாடத்தின் அடியில் எல்லோரும் அண்ணாந்து நின்றபோது அக்கா என் காதருகே குனிந்தாள்.

"தம்பி, நான் பாலத்தடிக்குப் போறன். கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. அவை வந்திட்டுப் போகட்டும்."

"ஆர் அவை?"

"ஆரோ. நீ வாயைத் திறக்காதை, போதும்."

அவள் போன சற்று நேரத்தில் கோட்டுப் போட்ட ஓர் இளைஞனும் அவனுடைய தாயும் வந்தார்கள். "அட, நீங்களோ! என்ன அதிசயம்!" என்றார் அப்பா. பள்ளி நாடகத்தில் நான்கூட இதைவிட நன்றாக நடித்திருப்பேன். பெரியவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு குவிமாடத்தின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை.

"பிள்ளையைக் காணேல்லை?" என்றார் அந்தத் தாய்.

அப்பாவின் நெற்றி வியர்த்தது. மாமா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "உன்ரை அக்கா எங்கையெண்டு உனக்குத் தெரியும். சொன்னால் நாளைக்கு டிஸ்னிலாண்ட். சொல்லாட்டி நேரே லண்டன்."

எனக்கு அக்கா மேல் ஆத்திரம் பொங்கியது. இவள் ஒளித்து விளையாட, எனக்கு வாய்த்த ஒரே நல்ல விஷயமும் கெடுவதா? கையை நீட்டிக் காட்டினேன். காட்டியதோடு நிற்காமல் முன்னால் நடந்து வழியும் காட்டினேன். கட்டடத்திலிருந்து ஆறு வரைக்கும் நேர்த்தெரு. பட்டும் டையுமாக எல்லோரும் என் பின்னால் வந்தார்கள்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி ஒலிக்க, மஞ்சள் பாலத்தின் நடுத்துண்டு அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்து, கை கூப்பிச் சிரித்தாள்.

"வெயிலுக்கை நிண்டு கறுத்துப்போட்டுது பிள்ளை" என்று அந்தத் தாய் சிரித்தார். பிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அப்பா மேல் எனக்குக் கோபம் உண்டு. மாமா மேலும் உண்டு. இருவரும் இப்போது இல்லை, கோபம் இருக்கிறது. ஆனால் முடி நரைத்த இந்த வயதிலும் பல்லைக் கடிக்க வைப்பவன் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன்தான். அக்கா ஒளித்து விளையாடவில்லை. தற்செயலாகச் சந்திக்கவில்லை என்றால் யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது. அப்பாவின் தலை குனியாமல் வேண்டாம் என்று சொல்ல, அவர்களுடைய வழக்கத்துக்குள்ளேயே அவள் ஒரு வாசலைக் கண்டுபிடித்திருந்தாள். நான் அதை இழுத்துச் சாத்தினேன். கோட்டுப் போட்டு வந்த அந்த அத்தான் கெட்டவர் அல்ல. அதனால் என் குற்றம் குறைந்துவிடாது.

மறுநாள் மாமா வாக்குத் தவறாமல் என்னை மட்டும் காரில் டிஸ்னிலாண்டுக்கு அழைத்துப் போனார். பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். தை மாதம் லண்டனில் கல்யாணம் நடந்தது.

கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட அவளை ஹீத்ரோவில் வழியனுப்பினோம். அம்மா அழுதுகொண்டிருந்தார். அக்கா என் சட்டைக் கொலரைச் சரிசெய்தபடி, அத்தனை மாதங்களில் முதல் தடவையாக அதைக் கேட்டாள்.

"டிஸ்னிலாண்ட் நல்லா இருந்ததோடா?"

இருட்டு மலைக்குள் பாய்கிற ரயிலைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீ இனி அங்கைதானே அக்கா இருக்கப் போறாய்" என்றேன். "நினைச்ச நேரம் போகலாம்."

அக்கா சிரித்தாள். பாலத்தடியில் சிரித்த அதே சிரிப்பு. அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.