ஒரு சந்தேகப் பிராணியும் அமெரிக்கச் சாசனமும்

நியூஜெர்சியின் எடிசன் ஊரில், நான் காலையில் காபி குடிக்கும் டைனர் என்கிற சிற்றுண்டிக் கடையில் இந்த வருடம் தட்டுக்கு அடியில் அரசியல் சாசனத்தை விரிக்கிறார்கள். எழுதி இருநூறு வருடம் ஆகிறதாம். முதல் பக்கத்தை அப்படியே அச்சடித்த காகிதம். உச்சியில் கொட்டை எழுத்தில் ‘மக்களாகிய நாம்’. அதன்மேல் முட்டை வருகிறது, கெட்ச்சப் சிந்துகிறது, கடைசியில் சுருட்டிக் குப்பையில் போடுகிறார்கள். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரன் நான். முதல் நாள் தட்டை ஓரமாக நகர்த்தி வெறும் மேஜையில் வைத்துக்கொண்டேன். பரிமாறும் பெண் தட்டுதான் அழுக்கு என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு, புதுத் தட்டு கொண்டுவந்து நேராகச் சாசனத்தின் மேலேயே வைத்தாள்.

டைனரில் மட்டுமா? டிவியில், பள்ளிக்கூட வாசலில், வங்கிக் காலண்டரில், எங்கும் இதே பாட்டு. ஒருவன் தன் யோக்கியதையை இத்தனை தடவை சொன்னால் என் கை பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். “எதை எடுத்தாலும் டவுட்டு. சரியான சந்தேகப் பிராணி நீங்க” என்பாள் என் மனைவி வசந்தா. இருக்கட்டும். குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இந்த நாட்டை உண்டாக்கியவர்கள் என்னைத் தூக்கிச் சாப்பிடும் சந்தேகப் பிராணிகள். பிலடெல்பியாவில் கொளுத்தும் கோடையில், வெளியே யார் காதிலும் விழக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார்கள். காங்கிரஸை நம்பாமல் அதிபர் கையில் தடுக்கும் அதிகாரம். அதிபரை நம்பாமல் காங்கிரஸ் கையில் கஜானாச் சாவி. இரண்டையும் நம்பாமல் நீதிமன்றம். இத்தனைக்கும் பிறகு மாநிலங்கள் அந்தச் சாசனத்தையே நம்பவில்லை. பேச்சுரிமை எங்கே, வீட்டைச் சோதனை போட வாரண்ட் எங்கே என்று மல்லுக்கு நின்று பத்துத் திருத்தங்களைச் சேர்க்கவைத்தார்கள். படிக்கப் படிக்க, இவர்கள் நம்ம ஆட்கள் என்று தோன்றிவிட்டது.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவர் என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர். டைனரில் எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் தட்டைத் தூக்கிவிட்டு, காகிதத்தில் பொடி எழுத்தாக இருந்த ஒரு வரியை முள்கரண்டியால் காட்டினார். அடிமைகளைத் தலைக்கு ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கணக்கெடுக்கச் சொல்லும் வரி. “தட்டு எப்பவும் இதுக்கு மேலதான் இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு நான் சாசனத்தை முழுசாகத் தேடிப் படித்தேன். சிறையில் வைக்கப்பட்டவன், என்னை நீதிபதி முன் நிறுத்து என்று கேட்கும் உரிமையைப் பறிக்கக்கூடாதாம். கலகம், படையெடுப்புக் காலம் தவிர. என் கண் அந்த விதிவிலக்கை விட்டு நகரவில்லை.

அப்படியொரு விதிவிலக்குக்குள் நான் இருந்துவிட்டு வந்தவன். அவசரநிலைக் காலத்தில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தேன். மாசியில் ஒரு நாள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்; ஐப்பசியில் விட்டார்கள். ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அப்பா அப்போதே இல்லை. சிறை வாசலுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அம்மாதான் அலைந்தாள். “எதுக்குப் புடிச்சீங்கன்னு கேக்குற உரிமையே இப்ப இல்லம்மா” என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். எங்கள் நாட்டுச் சாசனமும் ‘மக்களாகிய நாம்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. வெளியே வந்த கையோடு, ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு குவைத்துக்கு ஓடினேன். அங்கிருந்து இங்கே. அம்மா பெரம்பூரில் தனியாக இருக்கிறாள். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது, போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். நான் இந்த நாட்டுக் குடிமகனானால்தான் அவளைச் சட்டுபுட்டென்று வரவழைக்க முடியும். பரீட்சை அதற்காகத்தான், வேறு ஆசை எதுவும் இல்லை.

நியூவார்க்கில் குடியுரிமை இன்டர்வியூ. காரை நிறுத்தும்போது வசந்தா சொன்னாள்: “அரெஸ்ட் ஆனீங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லிட்டு வாங்க. யாருக்குத் தெரியப் போகுது? கம்யூனிஸ்ட்டுன்னு நெனச்சுட்டாங்கன்னா அம்மா கேஸ் அவ்ளோதான்.” எனக்கோ வேறு பயம். இவர்களுக்கு எல்லாம் தெரியும், பொய் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று பட்டது. கேள்வி வந்தது. ஆமாம் என்றேன்.

“என்ன குற்றச்சாட்டு?” என்றார் அந்த அதிகாரி அம்மாள்.

“குற்றச்சாட்டு இல்லை, மேடம்.”

“நீதிபதி என்ன தீர்ப்புச் சொன்னார்?”

“நீதிபதியும் இல்லை.”

என் ஆங்கிலம்தான் கோளாறு என்று முடிவு கட்டி, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். வழக்கு முடிந்ததற்கு நீதிமன்றச் சான்று கொண்டுவாருங்கள் என்றார். நடக்காத வழக்குக்கு எந்தக் கோர்ட்டில் முத்திரை குத்துவார்கள்? எதையோ மறைக்கிறான் என்று அவர் முகம் சொன்னது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொறாமையாகவும் இருந்தது. அப்படி ஒரு கைது நடக்கும் என்று தெரியாமலே தலை நரைக்கும்வரை வாழ்ந்துவிட்டாரே. கடைசியில், நேரில் அறிந்தவர் யாராவது சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார்; மிச்சம் அறிந்தவள் அம்மா ஒருத்திதான்.

அன்றைக்கே பெரம்பூரில் பக்கத்து வீட்டுக்கு டிரங்க் கால் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“நான் எழுதித் தர மாட்டேன்டா. நம்ம வீட்ல நடந்த தப்ப அசலூர்க்காரன்கிட்ட எழுதிக் குடுக்கணுமா?”

“உன்ன இங்க கூட்டிட்டு வரத்தாம்மா கேக்கறேன்.”

“உன்ன உள்ள வெச்சவங்கள ஓட்டுப் போட்டு எறக்கியாச்சு. நானும் வெயில்ல வரிசைல நின்னு போட்டேன். அதோட அது தீந்துபோச்சு. அன்னிக்கு நீ எங்கடா இருந்த?”

குவைத்தில் இருந்தேன்.

“நான் செவுத்தப் புடிச்சுட்டு நடந்துக்கறேன். நீ ஒடம்பப் பாத்துக்கோ” என்று போனை வைத்துவிட்டாள். பிடிவாதக்காரி என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தேன். சான்று இல்லாமல் குடியுரிமை மனு அப்படியே கிடந்தது.

நவம்பரில் எங்கள் தெருமுனைத் தீயணைப்பு நிலையத்தில் தேர்தல் நடந்தது. வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். வாசலில் தேர்தல் பணியில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “வாங்க, கூட்டமே இல்லை.”

“இங்கே எனக்கு ஓட்டு இல்லை” என்றேன்.

“கடைசியா எந்த ஊர்ல போட்டீங்க?”

“மெட்ராஸ்.”

அது நியூஜெர்சியில் எந்த மூலையில் இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: “அப்போ உங்க பேர் இன்னும் அங்கேதான் இருக்கும். சாயங்காலம் மூடுறதுக்குள்ள போயிடுங்க.”