எங்கள் பரம்பரையில் தும்மல்கூட இல்லை

பிராங்பேர்ட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளின் மாஸ்ட் செல் எனப்படும் கலங்களோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டுகிறேன். தோலுக்கடியில் குந்தியிருக்கும் இந்தக் கலங்கள்தான் ஒவ்வாமை என்றதும் முதலில் பொங்கி, தமக்குள் கட்டிவைத்த ரசாயனங்களை வெளியே கொட்டும். உடம்பு தடிக்கும், வீங்கும், சிலருக்கு மூச்சே நின்றுவிடும். எப்போது பொங்குவது, எவ்வளவு கொட்டுவது என்பதில் மரபணுக்களின் கை இருக்கிறது. சில உசுப்பிவிடும், சில அடக்கிப் பிடிக்கும். நான் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குறிப்பெடுப்பேன். எந்த எலியும் தன் தாய் தகப்பனைப் பற்றி என்னிடம் பொய் சொன்னதில்லை.

அதற்கு என் அம்மா இருந்தார்.

தங்கச்சிக்கு ஹம் நகரில் ஒரு பேக்கரியில் வேலை. ஆகஸ்ட் பிறந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளம்ஸ் பழம் பதித்த கேக்கின் மேல் குளவிகள் ஊரும். வாடிக்கையாளர்கள் அதே துண்டைத்தான் கேட்டு வாங்குவார்கள். அசையாமல் நின்றால் ஒன்றும் செய்யாது என்று அவளுக்கு அறிவுரை வேறு. இந்த நாட்டில் காரணமில்லாமல் குளவிக்கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். வதிவிட உரிமைக்காக என் பெற்றோர் எத்தனையோ வருடம் கால்கடுக்க வரிசையில் நின்றார்கள். குளவிக்கு அது பிறக்கும்போதே கிடைத்துவிட்டது.

தங்கச்சியும் சொன்னபடி அசையாமல்தான் நின்றாள். கொட்டியது. பத்து நிமிடத்தில் மயங்கி விழுந்தவளை அம்புலன்ஸ் வந்து காப்பாற்றியது.

சில வாரம் கழித்து, ஒவ்வாமை மருத்துவரிடம் நானும் அம்மாவும் கூடப் போனோம். மாஸ்ட் கலங்கள் கொட்டும் பொருள்களில் டிரிப்டேஸ் என்று ஒன்று உண்டு. தங்கச்சியின் இரத்தத்தில் அது சும்மா இருக்கும் நாளிலேயே கூடுதலாக இருந்தது. சில குடும்பங்களில் அதற்கான மரபணு ஒரு பிரதி கூடுதலாக இறங்கி வரும். அப்படிப்பட்டவர்களைக் குளவி கொட்டினால் விளையாட்டில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி வந்ததா என்று மருத்துவர் கேட்டார்.

"நைன், இல்லை. எல்லாரும் சுகம்" என்று அம்மா தன் ஜெர்மனில் அடித்துச் சொன்னார்.

வெளியே வந்து மறுபடி கேட்டேன்.

"தங்கச்சிக்குக் கலியாணம் பேசிற நேரத்தில நோய் வருத்தத்தைத் தேடித் திரியாதை, தம்பி."

ரொறன்ரோவில் இருக்கும் சித்திக்குப் போன் எடுத்தேன். "எங்களுக்கு ஒண்டுமில்லையப்பா. இடைக்கிடை உடம்பெல்லாம் தடிக்கிறது, முகம் வீங்கிறது. அது சூடு" என்றார். ஆய்வுக் கட்டுரையில் இதை எந்தப் பகுதியில் போடுவது?

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர ஊசி எப்போதும் வரவேற்பறை மேசையில்தான் கிடக்கும். அன்று காலை அதைக் காணவில்லை. "பத்திரமா வைச்சிருக்கிறன். அவையள் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றார் அம்மா. நானும் வாயை மூடிக்கொண்டேன். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவனின் லட்சணம் இது.

மாப்பிள்ளையின் தாய் சுற்றிவளைக்காமல் கேட்டார்: "வருத்தம் துன்பம் ஒண்டும் இல்லைத்தானே, அக்கா?"

"எங்கட பரம்பரையில தும்மல்கூட இல்லை."

அவர்கள் மரியாதைக்கு வாங்கி வந்தது பிளம்ஸ் கேக். வெக்கைக்குப் பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். தங்கச்சி தட்டை எடுத்து நீட்டியபோது கையில் குளவி கொட்டியது. அவள் உதடு என் கண்முன்னே தடித்தது. மூச்சு இழுத்தது. எனக்குத் தெரிந்த மரபணுக்களின் பெயரெல்லாம் தலைக்குள் வரிசையாக வந்தன. என் கைகால்தான் அசையவில்லை.

அம்மா தன் சேலை இடுப்பு மடிப்புக்குள்ளிருந்து ஊசியை உருவினார். இவ்வளவு நேரமும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வடை பரிமாறியிருக்கிறார். மூடியைக் கழற்றி, சேலைக்கு மேலாகவே தங்கச்சியின் தொடையில் குத்தி, அழுத்திப் பிடித்தபடி பத்து வரை எண்ணினார். பெட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்துத் தனியே பழகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கச்சிக்கு மூச்சு சீராக வந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மா மேல் கோபமும் வந்தது.

"முந்தியும் வந்ததோ?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

அம்மா தலை நிமிரவில்லை. "ஓம். எங்கட அப்பாவும் குளவி கொட்டித்தான் செத்தவர்."

அம்மப்பாவுக்கு மாரடைப்பு என்றுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"எனக்குக் கலியாணம் பேசின நேரம். குழம்பிப்போகுமெண்டு எங்கட அம்மா ஹாட் அட்டாக் எண்டு ஊருக்குச் சொன்னவ" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப ஊசி ஒண்டும் இல்லை, தம்பி. அவரின்ர தலையை மடியில வைச்சுக்கொண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."